சீசன் தொடங்குகிற வாரம் எந்த மேட்ச் பார்ப்பது? மதுரையில் புதிதாகக் கால்பந்து பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

ஆடிக் காற்று ஓய்கிற நேரத்தில் இங்கிலாந்தில் பிரீமியர் லீக் தொடங்கிவிடும். பெரும்பாலும் ஆகஸ்ட் நடுவில், ஒரு வெள்ளிக்கிழமை இரவு முதல் மேட்ச் இருக்கும். அன்றிலிருந்து திங்கள் இரவு வரை மொத்தம் பத்து மேட்ச். புதிதாகப் பார்க்க வருகிறவர் பத்தையும் பார்க்க உட்கார்ந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் அலுத்துப்போகும். கேள்விப்பட்ட பெயர் என்று ஒரே ஒரு பெரிய அணியின் மேட்சைப் பார்த்து, அது சப்பென்று முடிந்தால், கால்பந்தே நமக்குச் சரிப்படாது என்று விட்டுவிடுவார். இரண்டும் வேண்டாம். முதல் வாரத்துக்கு மூன்று மேட்ச் போதும். ஆனால் எந்த மூன்று என்பதில் கவனம் வேண்டும்.

என் அபிப்பிராயத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். முதல் வாரத்தில் அணியின் பெயரைப் பார்த்து மேட்ச் எடுக்காதீர்கள். அந்த மேட்சில் யாருக்கு என்ன தெரிய வேண்டியிருக்கிறது என்று பார்த்து எடுங்கள். கீழ் லீக்கிலிருந்து மேலே வந்த அணி தாக்குப்பிடிக்குமா, புதுக் கோச் என்ன மாற்றியிருக்கிறார், போன வருடம் ஜெயித்தவர்களுக்குப் பசி மிச்சமிருக்கிறதா. இப்படி ஒரு கேள்வியோடு உட்கார்ந்தால் தொண்ணூறு நிமிடமும் கண் திரையை விட்டு நகராது.

முதலில் லீக் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஐபிஎல் பார்த்துப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் புதிதாக இருக்கும். இருபது அணிகள். ஒவ்வொரு அணியும் மற்ற பத்தொன்பது அணிகளோடு சொந்த மைதானத்தில் ஒன்று, வெளியூரில் ஒன்று என்று 38 மேட்ச் ஆடும். ஜெயித்தால் 3 புள்ளி, டிரா என்றால் 1. இதில் பிளே-ஆஃப் கிடையாது, ஃபைனலும் கிடையாது. மே மாதம் பட்டியலில் யார் மேலே இருக்கிறார்களோ அவர்களுக்குத்தான் கோப்பை. அடியில் இருக்கிற மூன்று அணிகள் அடுத்த நிலை லீக்கான சாம்பியன்ஷிப்புக்கு இறங்கிவிடும், அங்கிருந்து மூன்று அணிகள் மேலே வரும். இந்த இறக்கமும் ஏற்றமும் இருப்பதால்தான் பதினேழாவது இடத்தில் இருக்கிற அணியின் மேட்சும் உயிரோடு இருக்கிறது.

அடுத்து நேரம். ஆகஸ்டில் இங்கிலாந்தைவிட நாம் நாலரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். வழக்கமாக வெள்ளி மேட்ச் நமக்கு இரவு 12.30, அதாவது காலண்டரில் சனிக்கிழமை பிறந்துவிடும். இந்த இடத்தில் புதியவர்கள் நிறையப் பேர் ஒரு நாளைக் கோட்டைவிடுவார்கள், அதனால் அலாரம் வைக்கும்போது தேதியைப் பாருங்கள். சனிக்கிழமை மாலை 5 மணிக்கு ஒன்று, 7.30க்கு ஒரே சமயத்தில் பல, இரவு 10க்கு ஒன்று. ஞாயிறு 6.30க்கும் 9 மணிக்கும். திங்கள் இரவு மேட்ச் இருந்தால் மறுபடியும் 12.30.

அந்த 7.30 மேட்சுகளில் நமக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. இங்கிலாந்தில் அது சனிக்கிழமை மதியம் 3 மணி. ஊர் ஊராக ஆட்கள் மைதானத்துக்குப் போக வேண்டும் என்பதற்காக அந்த நேரத்து மேட்சுகளை அந்த நாட்டுத் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டுவதில்லை. சண்டர்லாண்டில் வீட்டில் இருப்பவர் பார்க்க முடியாத மேட்சை அனுப்பானடியில் இருப்பவர் பார்க்கலாம். இந்த வசதியை வீணாக்காதீர்கள்.

நம் ஊரில் இந்த வாரத்துக்கு இடைஞ்சலே ஆவணிதான். ஆடி முடிந்ததும் முகூர்த்தங்கள் வரிசைகட்டும். சனி மாலை ரிசப்ஷன், ஞாயிறு காலை கல்யாணம் என்று பத்திரிகை வந்து குவிந்திருக்கும். அதனால் அட்டவணையை எடுத்தவுடன் பத்திரிகைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்த மூன்று மேட்ச் என்று முன்பே முடிவு செய்துவிடுங்கள். அட்டவணை ஜூன் மாதமே வெளியாகிவிடும். தொலைக்காட்சிக்காக நேரம் மட்டும் பிறகு மாறலாம், எனவே தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னால் இன்னொரு தடவை சரிபாருங்கள்.

எதில் பார்ப்பது? பிரீமியர் லீக் 2025-26 முதல் மூன்று சீசனுக்கு ஸ்டார் ஸ்போர்ட்ஸ் சேனல்களிலும் ஜியோஹாட்ஸ்டாரிலும் வருகிறது. செல்போனில் பார்ப்பதும் டிவியில் பார்ப்பதும் ஒன்றல்ல. ஆப்பில் வருவது டிவியைவிடச் சில நொடிகள், சில சமயம் அரை நிமிடம்கூடப் பின்தங்கி வரும். நீங்கள் மொட்டை மாடியில் செல்போனை வைத்துக்கொண்டு கார்னருக்குக் (மைதான மூலையிலிருந்து அடிக்கும் உதை) காத்திருப்பீர்கள், கீழ்வீட்டில் டிவி பார்க்கும் பையன் "கோல்!" என்று கத்திவிடுவான். எனவே நண்பர்கள் சேர்ந்து பார்ப்பதென்றால் எல்லாரும் ஒரே திரையில் பாருங்கள். வாட்ஸ்அப் குழுவை அந்த இரண்டு மணி நேரம் மியூட்டில் போட்டுவிடுங்கள். நள்ளிரவு மேட்ச் என்றால் சத்தத்தையும் குறைத்து வையுங்கள், கோல் விழுந்தால் எழுந்து குதிக்கலாம், கத்த வேண்டாம். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்தால் மறுநாள் முகத்தில் முழிக்க முடியாது. சாப்பாட்டுக்குக் கவலையில்லை. மேட்ச் இரண்டரை மணிக்கு முடிந்தாலும் மாட்டுத்தாவணிப் பக்கம் போனால் டீயும் சூடாக ஏதாவதும் கிடைக்கும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

மேலே வந்த அணியின் சொந்த மைதான மேட்ச்

மூன்றில் ஒன்று கட்டாயம் இதுவாக இருக்கட்டும். கீழ் லீக்கிலிருந்து ஏறி வந்த மூன்று அணிகளில் முதல் வாரம் சொந்த மைதானத்தில் ஆடுவது யார் என்று பாருங்கள். வெளியூரில் ஆடுகிற அணியை விட்டுவிடலாம்.

2025 ஆகஸ்டில் மேலே வந்தவை லீட்ஸ், பர்ன்லி, சண்டர்லாண்ட். அதற்கு முந்தைய இரண்டு சீசனிலும் மேலே வந்த மூன்று அணிகளுமே அதே வருடம் திரும்ப இறங்கியிருந்தன. முதலில் லூட்டன், பர்ன்லி, ஷெஃபீல்ட் யுனைடெட், பிறகு லெஸ்டர், இப்ஸ்விச், சவுத்தாம்ப்டன். அதனால் இந்த மூன்றும் தேறாது என்ற பேச்சு பலமாக இருந்தது. அதிலும் சண்டர்லாண்டின் கதை பெரிது. 2017ல் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது, அடுத்த வருடமே இன்னும் ஒரு படி இறங்கி மூன்றாம் நிலை லீக்கில் நான்கு சீசன் கிடந்தது. 2022ல் ஒரு படி ஏறி, 2025 மே மாதம் வெம்ப்லியில் நடந்த சாம்பியன்ஷிப் பிளே-ஆஃப் ஃபைனலில் (மேலே வரும் மூன்றாவது அணி யார் என்று முடிவாகும் மேட்ச்) கடைசி நேர கோலில் ஷெஃபீல்ட் யுனைடெட்டை 2-1 என்று ஜெயித்துத் திரும்ப மேலே வந்தது. எட்டு வருடக் காத்திருப்பு.

முதல் மேட்ச் சொந்த மைதானமான ஸ்டேடியம் ஆஃப் லைட்டில், வெஸ்ட் ஹாமோடு. கிட்டத்தட்ட 49,000 பேர் உட்காரும் இடம். இடைவேளை வரை 0-0. ஸ்கோரை மட்டும் பார்ப்பவருக்கு அது ஒன்றும் நடக்காத முதல் பாதி. ஆனால் கூட்டத்தைக் கவனித்தால் வேறு கதை தெரியும். எதிரணியிடமிருந்து ஒரு பந்தைத் தட்டிப் பறித்தாலே கோல் விழுந்த மாதிரி எழுந்து நிற்பார்கள், ஒரு த்ரோ-இன் (வெளியே போன பந்தைக் கையால் உள்ளே எறிவது) கிடைத்ததற்குக் கை தட்டுவார்கள். அந்தச் சத்தம் வீரர்களின் காலுக்குப் போய்ச் சேரும். 61வது நிமிடத்தில் சண்டர்லாண்டின் மயெண்டா தலையால் அடித்து உள்ளே தள்ளினார். 73ல் பல்லார்டும் தலையாலேயே அடித்தார். கடைசியில் இசிதோர் மூன்றாவதைப் போட்டார். 3-0.

அதே வாரம் லீட்ஸ் தன் எல்லண்ட் ரோடு மைதானத்தில் எவர்டனை 1-0 என்று ஜெயித்தது. வெளியூருக்கு, டோட்டன்ஹாமுக்குப் போன பர்ன்லி 0-3 என்று தோற்றது. சொந்த மைதானத்தில் ஆடிய இரண்டும் ஜெயித்தன, வெளியே போனது தோற்றது. எல்லா வருடமும் இப்படியே நடக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் பார்ப்பதற்கு எது ருசி என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

இன்னொன்றும் சொல்கிறேன். 2021 ஆகஸ்ட் 13, வெள்ளி இரவு. பிரென்ட்ஃபோர்ட் என்ற சின்ன அணி 74 வருடம் கழித்து முதல் நிலை லீக்கில் ஆடிய முதல் மேட்ச். எதிரே ஆர்சனல். கோவிட் அடங்கி மைதானங்களில் மறுபடி முழுக் கூட்டம் சேர்ந்த சீசனின் முதல் மேட்சும் அதுதான். பிரென்ட்ஃபோர்ட் 2-0 என்று ஜெயித்தது. அந்த ஊரில் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்த தாத்தாக்களுக்கே முந்தைய முதல் நிலை மேட்ச் நினைவில் இருந்திருக்காது. இந்த மாதிரி மேட்சை இரண்டு பெரிய அணிகள் மோதினாலும் உங்களுக்குத் தர முடியாது.

சாம்பியனின் முதல் மேட்ச்

போன சீசன் கோப்பை வாங்கிய அணியைப் பாருங்கள். லீட்ஸ், சண்டர்லாண்டுக்கு எவ்வளவு ஆசையோ அவ்வளவு பயம் இவர்களுக்கு இருக்கும். 2016ல் லெஸ்டர் சாம்பியனாக வந்து முதல் மேட்சிலேயே ஹல் அணியிடம் 2-1 என்று தோற்றது. அந்த ஹல்லும் அப்போதுதான் மேலே வந்த அணி, நிரந்தரக் கோச்கூட இல்லாமல் ஆடியது. அடுத்த வருடம் செல்சி தன் சொந்த மைதானத்திலேயே பர்ன்லியிடம் 3-2 என்று தோற்றது.

2025ல் லிவர்பூல் சாம்பியன். ஆகஸ்ட் 15 இரவு, நமக்குச் சுதந்திர தினம் முடிந்த நள்ளிரவு, போர்ன்மத்தோடு ஆட்டம். அந்த ஜூலையில்தான் அவர்களுடைய வீரர் தியோகோ ஜோட்டா கார் விபத்தில் இறந்திருந்தார். அவருடைய ஜெர்சி எண் 20. அதற்காக 20வது நிமிடத்தில் மைதானமே எழுந்து கை தட்டியது. லிவர்பூல் 2-0 என்று முன்னால் போனது, போர்ன்மத்தின் செமென்யோ தனியாளாக இரண்டு கோல் போட்டு 2-2 ஆக்கினார். பிறகு லிவர்பூலுக்கு 88வது நிமிடத்தில் சியேசா, கூடுதல் நேரத்தில் சலா. 4-2. மேட்ச் முடிந்த பிறகு சலா ரசிகர்கள் முன்னால் தனியாக நின்று கண் கலங்கினார். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு இதில் ஒரு பாடம், 75 நிமிடத்தில் டிவியை அணைத்துவிடாதீர்கள். சீசன் தொடக்கத்தில் உடம்பு இன்னும் முழுசாகத் தேறியிருக்காது. கடைசிக் கால் மணி நேரத்தில் கால்கள் தளரும், இடைவெளி விழும். அப்போது ஐந்து மாற்று வீரர்களை இறக்கலாம். கோல் வருவது அங்கிருந்துதான்.

புதுக் கோச்சின் முதல் மேட்ச்

மூன்றாவதாக இதை எடுக்கலாம். கோடையில் எந்த அணி கோச்சை மாற்றியது என்று முன்பே பார்த்து வையுங்கள். தாமஸ் ஃபிராங்க் பிரென்ட்ஃபோர்ட்டை விட்டு டோட்டன்ஹாமுக்குப் போனார். 2025 முதல் வாரம் டோட்டன்ஹாம் 3-0 என்று ஜெயிக்க, அவர் விட்டுவந்த பிரென்ட்ஃபோர்ட் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டிடம் 3-1 என்று தோற்றது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்களுக்கு ஒரு கோச் என்பவர் என்ன செய்கிறார் என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டு பெரிய அணிகள் மோதும் மேட்ச் முதல் வாரமே வந்தால்? பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள். வீரர்களை வாங்கி விற்கும் டிரான்ஸ்பர் கதவு செப்டம்பர் ஆரம்பம்வரை திறந்தே இருப்பதால் பெரிய அணிகள் அப்போது முழுசாகச் சேர்ந்திருக்காது, ஜாக்கிரதையாகத்தான் ஆடுவார்கள். 2025ல் மான்செஸ்டர் யுனைடெட், ஆர்சனல் மேட்ச் 13வது நிமிடத்தில் ஒரு கார்னரில் முடிந்துபோனது. ஆர்சனலின் டெக்லன் ரைஸ் அடித்த பந்து கோலை நோக்கி உள்ளே வளைந்து வந்தது. நெரிசலுக்குள் கோல்கீப்பர் கையை நீட்டினார், பந்து சரியாகச் சிக்கவில்லை. காலாஃபியோரி பக்கத்திலேயே நின்றார், தலையால் தள்ளினார். அதன் பிறகு அதிகமாக அடித்துப் பார்த்தது யுனைடெட்தான், கோல் வரவில்லை. 1-0. இந்த மேட்ச் பிடிக்க வேண்டுமென்றால் கார்னர் சமயத்தில் பந்தைப் பார்க்காமல் கோல்கீப்பரைச் சுற்றி யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கத் தெரிய வேண்டும்.

எப்படிப் பார்ப்பது என்பதிலும் இரண்டு வார்த்தை. பந்து போகிற பக்கமே கண் போவது இயல்பு. முதல் கால் மணி நேரம் அப்படியே பாருங்கள். அப்புறம் ஒரு அணியை எடுத்துக்கொண்டு, அவர்களிடம் பந்து இல்லாதபோது எத்தனை பேர் பின்னால் நிற்கிறார்கள், எத்தனை பேர் முன்னால் ஓடிப்போய் நெருக்குகிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். ஆப்சைடு புரியவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம். சக வீரர் பந்தைத் தட்டிவிடுகிற நொடியில் எதிரணிப் பாதியில் நிற்கும் வீரருக்கும் கோலுக்கும் நடுவில் எதிரணியினர் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும், கோல்கீப்பரையும் சேர்த்து. அல்லது அவர் பந்துக்குப் பின்னால் இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ஆப்சைடு. இது போதும். ஒவ்வொரு சீசனும் ஏதாவது ஒரு விதி மாறும், அதைத் தெரிந்துகொண்டு உட்காருங்கள். 2025-26ல் கோல்கீப்பர் பந்தைக் கையில் எட்டு நொடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் என்று வந்தது. கடைசி ஐந்து நொடியை நடுவர் கையைத் தூக்கி விரலால் எண்ணிக் காட்டுவார்.

டிவியில் மட்டுமே பார்த்தால் மைதானத்தின் அகலம் புரியாது. இதற்கு நம் ஊரிலேயே வழியிருக்கிறது. அந்த வாரம் ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கத்தில் கால்பந்து நடந்தால் போய், படிக்கட்டில் கொஞ்சம் உயரத்தில் உட்கார்ந்து பாருங்கள். பந்து ஒரு ஓரத்தில் இருக்கும்போது மறு ஓரத்து டிபென்டர் எவ்வளவு தூரம் உள்ளே நகர்ந்து வருகிறார் என்று மேலிருந்து தெரியும். அதைப் பார்த்துவிட்டு இரவு டிவி முன்னால் உட்கார்ந்தால் திரைக்கு வெளியே என்ன நடக்கும் என்று உங்களுக்கே பிடிபடும். மதுரைக்கும் கால்பந்துக்கும் சம்பந்தமில்லை என்று யாராவது சொன்னால் சேது எஃப்சியைச் சொல்லுங்கள். நம் ஊர் பெண்கள் அணி. 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று ஜெயித்து இந்தியப் பெண்கள் லீக் கோப்பையைக் கொண்டுவந்தார்கள். இதே ஆகஸ்டில் நம் நாட்டில் டூரண்ட் கோப்பையும் நடக்கும். 1888ல் தொடங்கிய போட்டி, ஆசியாவிலேயே பழையது. நேரமும் நமக்கு வசதி, தூக்கம் கெடாது.

மற்ற லீக்குகள் பற்றிச் சுருக்கமாக. ஸ்பெயினில் லா லிகா ஏறக்குறைய அதே வாரம் தொடங்கும், வெயிலுக்குப் பயந்து இரவு மேட்சுகள் அதிகம். அங்கே 9.30 என்றால் நமக்கு 1 மணி. ஜெர்மனியின் பண்டஸ்லீகாவில் பதினெட்டு அணிகள், பெரும்பாலும் ஒரு வாரம் தள்ளித் தொடங்கும், சனிக்கிழமை மேட்சுகள் நமக்கு இரவு 7 மணி. 2025ல் பயர்ன் மியூனிக் முதல் மேட்சிலேயே லைப்சிக்கை 6-0 என்று அடித்தது, ஹாரி கேன் மூன்று கோல். இவற்றை இரண்டாவது, மூன்றாவது வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரத்து ரிசல்ட்டை வைத்து யாரையும் எடை போடாதீர்கள். 2025 முதல் வாரம் மான்செஸ்டர் சிட்டி உல்வ்ஸை 4-0 என்று அடித்தது, அடுத்த இரண்டு மேட்சிலும் தோற்றது. பிரென்ட்ஃபோர்ட்டை 3-1 என்று ஜெயித்த ஃபாரஸ்ட், மூன்றே லீக் மேட்ச் முடிந்த கையோடு செப்டம்பரில் கோச் நூனோவை அனுப்பியது. சண்டர்லாண்டிடம் 3-0 வாங்கிய வெஸ்ட் ஹாம் அதே மாதக் கடைசியில் தன் கோச் கிரஹாம் பாட்டரை அனுப்பிவிட்டு, அந்த நூனோவையே கூட்டிவந்தது. 1995ல் மான்செஸ்டர் யுனைடெட் முதல் மேட்சில் ஆஸ்டன் வில்லாவிடம் 3-1 என்று தோற்றது. சின்னப் பையன்களை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்று பேசினார்கள். அந்த சீசன் லீக்கும், இங்கிலாந்தின் நாக்-அவுட் போட்டியான எஃப்ஏ கோப்பையும் அவர்களுக்குத்தான் போனது.

எந்த அணிக்கு ரசிகராக வேண்டும் என்று அவசரப்பட்டு முதல் வாரமே முடிவு செய்ய வேண்டாம். நண்பர்கள் இழுப்பார்கள், ஜெர்சி வாங்கச் சொல்வார்கள். அக்டோபர் வரை பொறுங்கள். எந்த அணி தோற்றபோது உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு இறங்கவில்லையோ அதுதான் உங்கள் அணி.

அந்த அக்டோபரில் கவனிக்க இன்னொன்று இருக்கிறது. மாதக் கடைசி ஞாயிறன்று இங்கிலாந்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அதிலிருந்து மார்ச் கடைசி ஞாயிறு வரை நமக்கு எல்லா மேட்சும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். சனி 5 மணி மேட்ச் 6 மணிக்கு, 7.30 மேட்ச் 8.30க்கு, நள்ளிரவு 12.30 மேட்ச் 1.30க்கு. அலாரத்தை அதற்குத் தகுந்த மாதிரி மாற்றிவையுங்கள்.